அஞ்சலையின் இரண்டு கன்றுக்குட்டிகள்

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கரண்டு வந்தது. வந்தவுடன் பர்மாவில், எங்கள் தாகேதாப் பேட்டையில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. ஒருத்தர் தண்ணீர் மோட்டாரைப் போட ஓடினார், ஒருத்தர் சோற்றுப் பானையைச் சொருக ஓடினார், மா நூ தன் போனைச் சொருகிவிட்டு அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். மா நூ என் தம்பியின் மருமகள். தமிழில் சொன்னால் புரிந்துகொள்வாள், பதில் பர்மியில்தான் வரும். ஆறு வருஷமாக இப்படித்தான் இரண்டு பேரும் சண்டையில்லாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். அவள் சொல்வதை உங்களுக்காக நான் தமிழில் எழுதுகிறேன்.

"டோடோ, இங்க வாங்களேன். கனடாவுலேர்ந்து படம் அனுப்பியிருக்காங்க. உங்க ஆட்டம்தான்."

டோடோ என்றால் அத்தை. என் ஆட்டம் என்றால் ஹாக்கி. இந்த வீட்டில் யாருக்கும் அது மறக்காது, ஏனென்றால் நான் மறக்க விடமாட்டேன்.

என் தங்கை மகன் கனடாவில் இருக்கிறான். அவன் பெண்ணுக்குப் பதினோரு வயது. படத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு தரை. அது பனிக்கட்டியாம். அதன்மேல் காலில் கத்தி கட்டிக்கொண்டு வழுக்கி வழுக்கி ஓடுகிறார்கள். பந்துக்குப் பதில் கறுப்பாக ஒரு வில்லை. கோலுக்கு முன்னால் திருவிழாவுக்குக் கவசம் சாத்திய அம்மன் மாதிரி ஒரு உருவம் நிற்கிறது. காலில் தொடை உயரத்துக்குக் கவசம், மார்பில் கவசம், கை இரண்டும் தலையணை பருமன், முகத்துக்குக் கம்பி வலை. அதுதான் எங்கள் பெண்ணாம். எதிரணியில் ஒரு தடிச்சி அடித்த வில்லை அவள் முழங்காலுக்குக் கீழே வந்து 'டொப்'பென்று மோதியது. அவள் அசையக்கூட இல்லை.

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். மா நூ, "என்ன டோடோ, புடிக்கலையா?" என்றாள். "கண்ணு கூசுது" என்றேன். கண் கூசவில்லை. முழங்காலுக்குக் கீழே அந்த இடம், அந்தச் சத்தம். எனக்கு மூக்கில் விளக்கெண்ணெய் வாடை வந்துவிட்டது. இந்த வீட்டில் விளக்கெண்ணெய் வாங்கி எத்தனையோ வருஷம் ஆகிறது.

அந்த விளக்கெண்ணெய்க்குப் போவதற்கு முன்னால் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெருமைக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். இந்த ஊரில் ஹாக்கி ஆடுவதற்காகவே சம்பளம் வாங்கிய முதல் பெண்பிள்ளைகளில் நான் ஒருத்தி. பன்னிரண்டு பருவம் ஆடினேன். கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. நான் நிறுத்தவில்லை, பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். இப்போதும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் மட்டையைக் கையில் கொடுத்தால் அன்றைக்கு எனக்குத் தெரியாத எழுத்தே கிடையாது.

எங்கள் வீடு அப்போது போட்டாதாங்கில், ரங்கூன் படகுத்துறைக்குப் பின்னால். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கினார். சந்துப் பையன்களுக்கு ஒரு ஆள் குறையும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள். வளைந்த மரக்கிளைதான் மட்டை, துணியைச் சுற்றிக் கட்டியது பந்து. ஆள் குறையாத நாளிலும் நான் போய் நிற்க ஆரம்பித்தேன். "பொட்டப்புள்ளய யாரு கூப்பிட்டது?" என்பார்கள். இரண்டு கோல் போட்ட பிறகு கேட்கமாட்டார்கள்.

பதினேழு வயதில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், தன்லியினில் ஒரு சாக்கு ஆலையில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். பாலம் இல்லாத காலம். விடியற்காலையில் படகு, சாயங்காலம் படகு. அந்த ஆலைக்கு அந்த வருஷம் ஒரு உத்தரவு வந்தது, பெண்களுக்கும் ஒரு விளையாட்டு அணி வேண்டும் என்று. ஊ டின் என்று ஒருவரை அதற்கு வாத்தியாராகப் போட்டார்கள். பர்மாக்காரர், ஒல்லியானவர், எந்நேரமும் வாயில் வெற்றிலை. வாத்தியாரைச் சயா என்போம். சயா எங்கள் நாற்பது பேரையும் தறிக்கொட்டகைக்கு வெளியே வரிசையாக நிற்க வைத்தார். வரிசையைப் பார்த்து ஒரு பந்தைப் பலமாக அடித்தார். முப்பத்தெட்டுப் பேர் சிதறி ஓடினார்கள். நான் குறுக்கே பாய்ந்து காலால் நிறுத்தினேன். இன்னொருத்தி ஓடவும் இல்லை, பாயவும் இல்லை. இடுப்பில் நூல்கூடையோடு அப்படியே நின்றாள்.

"நீ ஏன் ஓடல?" என்று சயா கேட்டார்.

"எம்மேல வரலியே சயா" என்றாள்.

அவள்தான் அஞ்சலை. அன்றைக்கே கோல்கீப்பர்.

ஆலைப் பதிவேட்டில் எங்கள் வேலை சாக்குத் தைப்பது. காலையில் இரண்டு மணி நேரம் தைப்போம். பிறகு ஆற்றோர மைதானம்தான். மற்றப் பெண்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். "ராணிங்க வெயில் காயப் போறாங்க" என்று சத்தமாகவே சொல்வார்கள். அஞ்சலை திரும்பி நின்று, "வாங்கடி, ஒரு அடி வாங்கிட்டுப் போங்க, ராணிப் பட்டம் நான் எழுதித் தாரேன்" என்பாள். வாய் அவளுக்கு. உடம்பு ஒல்லி, குரல் மட்டும் பெரிய ஆளுடையது. கோலில் நின்றுகொண்டு மைதானம் முழுவதையும் திட்டுவாள். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ போட்டாதாங்கு!" என்பாள்.

சயா எங்கிருந்தோ இரண்டு பேட் கொண்டுவந்தார், கோல்கீப்பர் காலில் கட்டுவது. வெள்ளைக்காரன் விட்டுப்போன கிளப் ஒன்றின் பரணில் கிடந்ததாம். கன்றுத்தோல், உள்ளே பஞ்சும் பிரம்பும். பூசணம் பூத்திருந்தது. அதோடு இரண்டு தோல் கையுறை. அஞ்சலை அவற்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வேப்பெண்ணெய் போட்டுப் பார்த்தாள், நாற்றம் தாங்கவில்லை. பிறகு விளக்கெண்ணெய். தினமும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பழந்துணியால் தேய்த்துத் தேய்த்து, ஒரு மாதத்தில் அந்தத் தோல் உயிரோடு இருப்பது போல ஆகிவிட்டது. "என் ரெண்டு கன்னுக்குட்டி" என்பாள். அவள் அம்மா காத்தாயி, "இதுக்குப் போடுற எண்ணெய உந்தலைக்கு வெச்சா முடியாச்சும் வளரும்" என்று திட்டிக்கொண்டே இருப்பார்.

சிரிக்கத்தான் இருந்தது அப்போது நிறைய. ஆனால் அது கப்பல் காலம். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடைகளெல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டன. நம் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு, சொந்த ஊருக்குப் போகிற கப்பலுக்காகத் துறைமுகத்தில் நின்றார்கள். வாரத்துக்கு ஒரு வீடாவது காலியாகும். நிரந்தர வேலை உள்ளவர்கள் இருந்தார்கள், இல்லாதவர்கள் கப்பலுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அஞ்சலை வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அவள் சம்பாத்தியம்தான். அவள் தன்லியினில் பிறந்தவள், கடலையே பார்த்ததில்லை. காத்தாயி அக்கா சின்னப் பிள்ளையில் வந்தவர், திரும்பிப் போனால் நிற்க ஒரு வாசல்படி கிடையாது.

எங்கள் அணியின் இரண்டாம் வருஷப் பங்குனியில் ஆலை மேலாளர் சொல்லி அனுப்பினார். கோப்பை இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில்தான். ஜெயித்தால் அணியில் உள்ள தினக்கூலிப் பெண்கள் எல்லாருக்கும் நிரந்தரம். குடியிருக்கக் கோட்டர்ஸ், அரிசி, எண்ணெய், எல்லாம் உண்டு. தோற்றால் அணியைக் கலைத்துவிடுவார்கள், தினக்கூலியும் போகும். எதிரில் ஆடப் போகிறவர்கள் ரங்கூன் அணி. அப்போது ரங்கூன் என்றுதான் சொல்வோம். அவர்களில் ஒரு உயரமான கரேன் இனத்துப் பெண் அடித்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது.

"போட்டாதாங்கு, நாம ஆத்தாவக் கேப்போம்" என்றாள் அஞ்சலை. இல்லை. பொய் எழுதக்கூடாது. நான்தான் சொன்னேன். "தீ மிதிக்கிறோம்னு வேண்டிக்குவோம்டி. ரெண்டு பேரும். பர்மனெண்டு கெடைக்கணும்." அவள் உடனே சரி என்றாள்.

தன்லியின் மாரியம்மன் கோயிலில் பங்குனித் தீமிதி பெரியதாக நடக்கும். பத்து நாளைக்கு முன்னால் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிவிடுவார்கள். காப்புக் கட்டினால் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, அதாவது ஆற்றைக் கடக்கக்கூடாது. ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. செருப்பு கிடையாது. தோல் எதுவும் உடம்பில் படக்கூடாது. நான் பத்து நாளும் அஞ்சலை வீட்டிலேயே தங்கிவிட்டேன். ஆட்டம் எட்டாம் நாள் வந்தது.

இங்கேதான் எனக்கும் அவளுக்கும் வித்தியாசம். நான் எப்போதும் வெறுங்காலோடுதான் ஆடுவேன். என் மட்டைக் கைப்பிடியில் சுற்றியிருந்த தோலை உரித்துவிட்டுப் பழைய சேலைக்கிழிசலைச் சுற்றிக்கொண்டேன். என் விரதம் அவ்வளவோடு முடிந்தது. அவளுக்கு இரண்டு கன்றுக்குட்டியும் தோல், கையுறையும் தோல்.

நாங்கள் பெரிய புத்திசாலிகள் மாதிரி ஒரு வேலை செய்தோம். ஆலைச் சாக்குத் துணியை இரண்டு பையாகத் தைத்தோம். சணல் கழிவை உள்ளே அமுக்கி அமுக்கி அடைத்தோம். சணல் கயிற்றால் காலில் கட்டிப் பார்த்தாள். "யானைக்கால் வந்தவளாட்டம் இருக்கேனாடி?" என்று நடந்து காட்டினாள். காத்தாயி அக்காகூடச் சிரித்தார். நான் முற்றத்தில் மெதுவாக ஒரு பந்து அடித்தேன், அழகாக நின்றது. மெதுவாகத்தான் அடித்தேன்.

எட்டாம் நாள் நல்ல வெயில். பங்குனி மைதானம் வெந்த செங்கல் மாதிரி இருந்தது. ஆலை முழுவதும் வேலி ஓரம் நின்றது. சயா அஞ்சலையின் காலைப் பார்த்தார், அவர் வாயிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது.

"இது என்ன கோமாளி வேஷம்? பேட் எங்க?"

"காப்புக் கட்டியிருக்கேன் சயா. தோல் ஆகாது."

"அந்தப் பொண்ணு அடிக்கிறது பூப்பந்து இல்ல. கால் போயிடும்."

"ஆத்தா இருக்கா சயா."

சயா நல்ல மனிதர். நம் சாமியைக் குறைத்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவளைவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கன்றுக்குட்டிகள் இரண்டையும் கொண்டுவந்து வைத்திருந்தார். என் கையில் கொடுத்தார். "அவ உன் பேச்சத்தான் கேப்பா. சாமி கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்னு சொல்லு. கட்டிக்கச் சொல்லு. போ."

நான் நடந்தேன். கோலுக்கு முப்பது அடி இருக்கும். தோல் பட்டால் எனக்கும் ஆகாதே என்று அந்தப் பேட்களைப் பாதி வழியில் புல்லில் வைத்துவிட்டேன். விளக்கெண்ணெய் வாடை என்னோடு வந்தது. அந்த முப்பது அடியில் நான் நினைத்ததை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. இவள் காலை நினைக்கவில்லை. இவள் இப்போது விரதத்தை முறித்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாள், தோற்றுவிடுவோம், எனக்கு நிரந்தரம் கிடைக்காது. அதைத்தான் நினைத்தேன். எனக்கு.

அஞ்சலை கேட்டாள். "என்னடி சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல. கயிறு இறுக்கமா இருக்கான்னு பாக்கச் சொன்னாரு."

குனிந்து சணல் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டேன். "ஆத்தா பாத்துக்குவா" என்றேன். திரும்பி வந்து சயாவிடம், "கேக்கமாட்டேங்கறா சயா" என்றேன். அவர் அந்த இரண்டு பேட்டையும் எடுத்துக்கொண்டு போய் வேலியோரம் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

முதல் பாதி கோலில்லாமல் முடிந்தது. அஞ்சலை நான்கு பந்து தடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் வேலியோரம் சத்தம் கிளம்பும். அவள் என்னைப் பார்த்து, "போட்டாதாங்கு, தூங்குறியா? நான் மட்டும்தான் கூலிக்கு ஆடுறேனா?" என்று கத்தினாள். இரண்டாம் பாதியில் அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அந்த உயரமான பெண் ஓங்குவதைப் பார்த்தேன். பந்தைப் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. காய்ந்த மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அது.

பந்து எங்கள் பக்கமாகத் தெறித்து வந்தது, அவள் தடுத்துவிட்டாள். நான் ஓட வேண்டும், பந்து என் மட்டையில் இருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். அஞ்சலை கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள். முகம் சாம்பல். "என்னப் பாக்காதடி நாயே, பந்தப் பாரு!" என்று கத்தினாள்.

நான் ஓடினேன். மைதானத்தின் அந்தக் கோடிவரை ஓடினேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோல் போட்டதில்லை, அதற்குப் பிறகும் போட்டதில்லை. இன்றைக்கும் தன்லியினில் கிழவர்கள் யாராவது மிச்சமிருந்தால் அந்தக் கோலைச் சொல்வார்கள். எனக்குத்தான் அதைச் சொல்ல வாய் வருவதில்லை.

ஒன்றுக்குப் பூஜ்யம். ஊதல் ஊதும்வரை அவள் கம்பத்தைவிட்டு விழவில்லை.

சாக்குப் பையை அவிழ்த்தபோது உள்ளே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. சணல் கழிவு புண்ணில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பந்து கிடந்தது. எதற்கென்று தெரியாமல் அதைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹாக்கிப் பந்து வெள்ளைச் சாயம் பூசிய தோல். தோல் படக்கூடாது என்று எட்டு நாளாகக் காலையும் கையையும் காத்தவளை, சுற்றிச் சுற்றி அன்று முழுவதும் அடித்தது தோல்தான். இரண்டு வருஷமாகத் தினமும் அதோடு புழங்கியவர்கள் நாங்கள். ஒருத்திக்கும் தோன்றவில்லை.

சயா உடனே படகு பிடிக்கச் சொன்னார். எக்ஸ்ரே எடுக்கிற பெரிய ஆஸ்பத்திரி மறுகரையில், ரங்கூனில்தான். அஞ்சலை தலையை ஆட்டினாள். "காப்போட ஆத்தக் கடக்கக்கூடாது. இன்னும் ரெண்டு நாள்தானே." பச்சிலைக் கட்டுக்காரரைக் கூட்டிவந்து, முட்டையும் தழையும் அரைத்து மூங்கில் வைத்துக் கட்டினார்கள். வீட்டில் நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். காத்தாயி அக்கா என் முகத்தைப் பார்த்தார். போகச் சொல் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் காப்பைத் திருகிக்கொண்டிருந்தேன். நிரந்தரப் பட்டியல் இன்னும் வரவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் தீ மிதித்தேன். அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுவந்து கோயில் வாசலில் வைத்திருந்தார்கள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. "எம் பங்கையும் சேத்து மிதிச்சிடுடி" என்றாள். நான் ஒருமுறைதான் மிதித்தேன். கால் சுடவில்லை. ஒரு கொப்புளம் இல்லை. எல்லாரும் பக்தி என்றார்கள்.

காப்பை அவிழ்க்கும்போது பூசாரியிடம் கேட்டேன், கோல்கீப்பர் தோல் பேட் கட்டியிருக்கலாமா என்று. அவர் உடுக்கையின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"இதக் கேக்க நீங்க வரவே இல்லியே தாயி. காப்பக் கழட்டி ஆத்தா காலடியில வெச்சிட்டு, ஆடி முடிச்சு, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்தா மறுபடியும் கட்டிவிட்டிருப்பேன். கப்பல் வேலைக்காரனுக்கெல்லாம் அப்படித்தானே செய்யுறோம்."

சொல்லிவிட்டு உடுக்கையை விரலால் தட்டிப் பார்த்தார். ஆட்டுத்தோல்.

மறுநாள் ஆற்றைக் கடந்தார்கள். ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த வாரமே பட்டியலும் வந்தது. பதினான்கு பெயர் இருந்தது. சேருவதற்கு முன்னால் டாக்டர் ஒவ்வொருத்தியையும் நிற்க வைத்து, நடக்க வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதின்மூன்று பேர் நடந்தோம். சயா அவளுக்காக எங்கெங்கோ போய்ப் பேசினார். உட்கார்ந்து சாக்குத் தைக்கக் கால் எதற்கு என்று கேட்டாராம். விளையாட்டுக்காக எடுத்த பெயர், விளையாட முடியாவிட்டால் பெயரும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அடுத்த பருவம் சயாவையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

மழை முடிந்ததும் காத்தாயி அக்கா கப்பலுக்கு எழுதிக் கொடுத்தார்.

துறைமுகம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். போகாமல் இருந்திருப்பேன், அப்பா இழுத்துக்கொண்டு போனார். ஜனங்கள், மூட்டை, அழுகை. சுங்கத்தில் காதுத் தோட்டைக்கூடக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை ஒரு தகரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். ஊன்றுகோல் புது மரம், மேல் முனையில் சாக்குத்துணி சுற்றியிருந்தது.

"வந்துட்டியா போட்டாதாங்கு? ராணிக்கு இன்னிக்கு லீவா?"

நான் மொஹிங்கா, அந்த மீன்சாற்றுச் சேமியா, வாங்கிக் கொண்டுபோயிருந்தேன். அவளுக்குப் பிடிக்கும். கொஞ்சம் சாப்பிட்டாள். தனக்குப் பிறகு யார் கோலில் நிற்கிறாள் என்று கேட்டாள், சொன்னேன். "கன்னுக்குட்டிக்கு எண்ணெய் போடுறாளா?" "போடுறா" என்றேன். அதுவும் பொய். பேட்கள் ஸ்டோர் ரூமில் மறுபடியும் பூசணம் பூத்துக்கொண்டிருந்தன. புதுப் பெண்ணுக்கு வேறு வாங்கிவிட்டார்கள்.

பெட்டியைத் தூக்க ஆள் வந்தான். அவள் எழுந்து ஊன்றுகோலை அக்குளில் வைத்துக்கொண்டாள். பிறகு, ஏதோ மறந்துபோனதைக் கேட்பது போலக் கேட்டாள்.

"அன்னிக்குச் சயா உன்ன எதுக்குடி அனுப்புனாரு?"

"சொன்னேனே. கயிறு பாக்கச் சொன்னாரு."

"ம்" என்றாள். "பேட்டப் பாதி வழியில புல்லுல வெச்சிட்டு வந்தியே, அதான் கேட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மைதானத்தையே திட்டுகிற குரல் அது. அன்றைக்கு எனக்கு மட்டும் அதை எடுக்கவில்லை. திரும்பி மரப்படியில் ஏறினாள். ஒரு படிக்கு இரண்டு சத்தம், கோல், கால். கூட்டத்தில் வெகுநேரம் அது கேட்டது, அல்லது எனக்குக் கேட்டது.

கடிதம் வரவில்லை. அவளுக்கு எழுதத் தெரியாது. கப்பலில் போனவர்கள் முகாமில் இருந்தார்கள், பிறகு எங்கெங்கோ சிதறினார்கள் என்று சொன்னார்கள். காத்தாயி அக்கா முதல் வருஷமே இறந்துபோனதாக யாரோ ஒருவர் மூலம் செய்தி வந்தது. அஞ்சலையைப் பற்றி அந்தச் செய்தியில் ஒன்றும் இல்லை. நான் கேட்டனுப்பவும் இல்லை.

நான் இன்னும் பத்துப் பருவம் ஆடினேன். மாந்தலே வரை போய் ஆடியிருக்கிறேன். ஒரு கோப்பையை நான் தூக்கிப் பிடித்திருக்கிற படம் இந்த வீட்டுக் கூடத்தில் இன்னும் தொங்குகிறது, கரையான் பாதி தின்றுவிட்டது. முட்டி தேய்ந்த பிறகு தறியில் போட்டார்கள், அறுபது வயதுவரை இருந்தேன். நிரந்தரம் என்றால் நிரந்தரம். அரிசி வந்தது, எண்ணெய் வந்தது, என் தம்பியையும் தங்கையையும் அதில்தான் வளர்த்தேன். தங்கை மகன் படித்ததும் அதில்தான். அவன் பெண் இன்றைக்குப் பனிக்கட்டிமேல் நிற்கிறாள் என்றால், அவள் எதன்மேல் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

மா நூ பின்கட்டுக்கே வந்துவிட்டாள். "டோடோ, பதில் கேக்கறாங்க. என்ன போடட்டும்?"

"எழுது" என்றேன். "கோச்சரு போடச் சொல்ற எல்லாத்தையும் போட்டுக்கச் சொல்லு. ஒண்ணு விடாம. யாரு வேணாம்னு சொன்னாலும், கூட ஆடுறவளே வந்து சொன்னாலும், கேக்க வேணாம்னு சொல்லு."

"இதச் சொல்லவா இவ்வளவு நேரம்?" என்று சிரித்துக்கொண்டே தட்டினாள். பர்மியில் அது ஒன்றரை வரிதான் வந்தது. அனுப்புவதற்குள் கரண்டு போய்விட்டது. போன் கோபுரமும் அதோடு போய்விடும், மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மா நூ போனை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள்.

பாலம் வந்த பிறகு அந்தப் படகு நின்றுவிட்டது. ஆலையை இடித்துவிட்டார்கள். மைதானத்தில் இப்போது கப்பலில் ஏற்றுகிற பெரிய இரும்புப் பெட்டிகளை மூன்றடுக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள், நடுவில் லாரி போகிறது. போன வருஷம் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். சயா வேலியோரம் உட்கார்ந்த இடம் எது என்று தெரியவில்லை. கோல்கம்பம் நின்ற இடத்தை மட்டும் தேடினேன். அங்கேயிருந்து முப்பது அடி நடந்து பார்க்க வேண்டும் என்றிருந்தது. இரும்புப் பெட்டி மறித்தது. காவல்காரன் வந்து, "கிழவி, இங்க என்ன தேடுற?" என்றான்.

ஹாக்கி ஆடியவள் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல்லவில்லை.